கழிவு எதில்? கணக்குப் பார்த்து வாங்குவோம், கணக்குப் பார்த்து விற்போம்

(கிளிநொச்சி மாவட்டத்தில் குடியேறி வாழும் மலையகக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை. தோட்டங்களில் உள்ள எமது வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின் வாங்கில் இரண்டொருவர் எழும்பப் பார்த்ததைக் கண்டோம். கொஞ்சம் இருங்கள். இது பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. கடைக்குப் போகும்போது நம் முந்தானையில் முடிந்திருக்கிற காசின் கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவருக்கும் போதும். படிக்காதவர்கள் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அதுவும் போதும்.

இங்கே மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் தர்மபுரத்திலும் இருக்கிற நம்மவர்களில் பலர் 1958 இலும் 1977 இலும் கலவரத்துக்குத் தப்பி மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். 1990களில் வன்னிக்குள் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்போது கழிவு என்று ஒரு பேச்சே கிடையாது. சாமான் கிடைத்தாலே பெரிய காரியம். இன்றைக்கு நிலைமை வேறு. தீபாவளி வந்தால், சித்திரை வந்தால், ஏ-9 வீதி நெடுகக் கடைகளில் பதாகை தொங்குகிறது. “20 வீதம் கழிவு”, “50 வீதம் வரை கழிவு”, “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்”. சாமான் நிறைய இருக்கிறது. நம் கையில் காசுதான் குறைவு. ஆகவே கணக்கு தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் நடந்த கதை

ஒரு தீபாவளிக்கு பிரஷர் குக்கர் ஒன்று வாங்கப் போனோம். முதல் கடையில் பெரிய எழுத்தில் 25 வீதம் கழிவு என்று போட்டிருந்தார்கள். விலை 8,000 ரூபா. “அக்கா, 25 வீதம் கழிவு வேற எங்கயும் கிடைக்காது, இன்டைக்கு மட்டும்தான்” என்றார் கடைக்காரத் தம்பி. அடுத்த கடையில் 10 வீதம் என்று சின்னதாக ஒரு மட்டை. 25 எங்கே, 10 எங்கே என்று அந்தக் கடைக்குள் கால்கூட வைக்கவில்லை. 6,000 ரூபா கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா அதே குக்கரை வைத்திருக்கிறார். “நான் அந்தச் சின்னக் கடையிலதான் வாங்குனேன். வெல 6,400. பத்து வீதம் கழிச்சு 5,760 தான் எடுத்தாங்க.” நாங்கள் 240 ரூபா கூடக் கொடுத்திருக்கிறோம். ஏறக்குறைய ஒரு கிலோ அரிசிக் காசு.

குற்றம் கடைக்காரரில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. 25 வீதம் கழித்துத்தான் தந்தார். நாங்கள்தான் “எதில் 25?” என்று கேட்கவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். சதம் என்றால் நூறு. 25 வீதம் என்றால் நூற்றுக்கு 25. அது தனியாக நிற்கிற தொகை இல்லை, வேறொரு தொகையின் பங்கு. அந்தத் தொகை பெரிதாக இருந்தால் கழித்த பிறகும் பெரிதுதான். வீதத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மிச்சமாகிற ரூபாவைத்தான் கொண்டுவரலாம். எனவே இரண்டு கடையை ஒப்பிடும்போது கழிவை ஒப்பிட வேண்டாம். கழித்த பின் கொடுக்க வேண்டிய ரூபாவை ஒப்பிடுங்கள்.

விரலால் செய்கிற கணக்கு

பத்து வீதம் தெரிந்தால் மற்ற எல்லாம் வரும். பத்து வீதம் எடுக்க, தொகையின் கடைசி இலக்கத்தை விட்டுவிடுங்கள். 1,840 ரூபாவுக்குப் பத்து வீதம் 184. ஐந்து வீதம் அதில் பாதி, 92. பதினைந்து வீதம் வேண்டுமா? இரண்டையும் கூட்டுங்கள், 276. கழித்தால் 1,564. இருபது வீதம் என்றால் பத்து வீதத்தின் இரண்டு மடங்கு. இருபத்தைந்து என்றால் நாலில் ஒரு பங்கு. கடைசி இலக்கம் பூச்சியம் இல்லாவிட்டால் ஒரு ரூபா முன்பின் வரும், அதைப் பார்க்க வேண்டாம்.

கழிவுக்கு மேல் கழிவு

ஒரு சேலை 5,000 ரூபா. “20 வீதம் கழிவு, அதுக்கு மேல இன்னும் 10 வீதம்” என்கிறார் ஒருவர். நம் மனம் உடனே 30 என்று கூட்டிவிடுகிறது. பாருங்கள்: 5,000 இல் 20 வீதம் 1,000. மிச்சம் 4,000. அடுத்த பத்து வீதம் இந்த 4,000 இலிருந்து, 400 ரூபா. கொடுக்க வேண்டியது 3,600. இன்னொருவர் அதே சேலைக்கு ஒரேயடியாக 30 வீதம் கழித்தால் 3,500. நூறு ரூபா வித்தியாசம். இரண்டாவது கழிவு எப்போதும் குறைந்த தொகையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இரண்டு கழிவைக் கூட்டாதீர்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கழியுங்கள்.

ஏற்றி இறக்குவது

2,000 ரூபா சாமானின் விலையைப் பண்டிகைக்கு முதல் 2,500 ஆக்கி, பண்டிகையன்று “20 வீதம் கழிவு” என்று போடலாம். 2,500 இல் 20 வீதம் 500. விலை பழையபடி 2,000. ஏற்றியது 25 வீதம், இறக்கியது 20 வீதம், ஆனால் இரண்டும் அதே 500 ரூபா. ஏற்றும்போது 2,000 இல் பார்த்தது, இறக்கும்போது 2,500 இல் பார்த்தது. எதில் என்ற கேள்வி இங்கேயும் வருகிறது.

இதற்கு மருந்து ஒன்றுதான். பெரிய சாமான் வாங்க எண்ணினால் இரண்டு மாதத்துக்கு முதலே விலையைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பி போதும். பதாகை வந்ததும் கொப்பியைத் திறந்து பாருங்கள்.

இலவசமும் எடையும்

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 50 வீதம் கழிவு. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் நூற்றுக்கு 33 தான். “20 வீதம் கூடுதலாக” என்று பைக்கற்றில் போட்டிருந்தால்? 500 கிராம் தந்த விலைக்கு 600 கிராம். விலை 600 ரூபா என்று வைப்போம். முன்பு 100 கிராம் 120 ரூபா, இப்போது 100 ரூபா. குறைந்தது ஏறக்குறைய 17 வீதம், 20 இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். விலையை ஏற்றாமல் எடையை இறக்குவார்கள். 100 கிராம் சவர்க்காரம் அதே விலையில் 85 கிராமாக இளைத்தால் எடைதான் 15 வீதம் குறைந்தது. விலையோ உண்மையில் 17 வீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே பைக்கற்றின் படத்தைப் பார்க்க வேண்டாம், எடையைப் பாருங்கள். 100 கிராம் எவ்வளவு என்று பார்த்தால் எந்தப் பைக்கற்றும் நம்மை ஏமாற்ற முடியாது.

இன்னொன்று. தேவையில்லாத சாமானுக்கு 50 வீதம் கழிவு கிடைத்தாலும் மற்ற 50 வீதம் நம் காசுதான்.

கழிவை விழுங்குகிற தவணை

ஒரு கைத்தொலைபேசி 40,000 ரூபா. கையில் காசு கொடுத்தால் பத்து வீதம் கழிவு, 36,000. “காசு இல்லாட்டி என்ன அக்கா, 6,000 கட்டிட்டு எடுத்துப் போங்க, மாசம் 4,000 படி பத்து மாசம்.” மொத்தம் 46,000. கையில் காசு கொடுத்தவரை விட 10,000 கூட. இந்தப் பத்தாயிரம் எதற்கு? முற்பணம் போக நமக்குக் கடனாகக் கிடைத்த 30,000 க்கு. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 வீதம். அதுவும் பத்து மாதத்தில். அந்த 30,000 ஐயும் பத்து மாதமும் நாம் வைத்திருக்கவில்லை, மாதாமாதம் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஆகவே உண்மை வட்டி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தவணையில் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தையல் மெஷினை எடுத்து அதால் உழைக்கிறவர் எடுக்கலாம். ஆனால் மொத்தம் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

போரின் பின் நுண்கடன் இந்த மாவட்டத்துப் பெண்களை எப்படி நெருக்கியது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வாரத் தவணை எவ்வளவு என்று கேட்ட நாம், வட்டி எதில் என்று கேட்கப் பழகவில்லை.

சம்பளம் கூடியதா?

தோட்டத்தில் நமக்குச் சொந்தங்கள் இருக்கிறார்கள். 2024 இல் அங்கே அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து 1,350 ஆனது, 35 வீத உயர்வு. ஆனால் அதற்கு முன், 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டி ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. முன்பு 100 ரூபாவாக இருந்த சாமான் 170 ரூபா என்று வைப்போம். அப்போது ஒரு நாட்சம்பளத்துக்குப் பத்து வாங்கலாம். அந்த 1,350 ரூபாவுக்கு எட்டுக்கூட வராது. பிறகு பணவீக்கம் குறைந்தது என்று வானொலியில் சொன்னார்கள். விலை ஏறுகிற வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை ஏறியபடிதான்.

கழிவின் மறுபக்கம்

இதுவரை வாங்குகிற கழிவைப் பேசினோம். இனி நம்மிடமிருந்து எடுக்கிற கழிவைப் பேசுவோம். இதுதான் முக்கியம். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். கடையில் விலையைக் குறைத்தாலும் கழிவு, சந்தையில் நம் சாமானின் நிறையைக் குறைத்தாலும் கழிவு. ஒன்று நமக்கு வருவது, மற்றது நம்மிடமிருந்து போவது.

வடக்கின் மரக்கறிச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு எடுக்கிற வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அழுகல், காம்பு, மண் என்று காரணம் சொல்வார்கள். நம்மவர்களில் பலருக்குக் குளத்துத் தண்ணீர் எட்டாத மேட்டுக் காணிதான். கிணற்றில் இறைத்துக் கத்தரி, பயிற்றை, மிளகாய் என்று செய்கிறோம். அந்தக் கத்தரியில் 50 கிலோவைச் சந்தைக்குக் கொண்டு போகிறோம். கிலோ 100 ரூபா என்று வைப்போம். 5,000 வரவேண்டும். பத்து வீதம் கழிவென்று 45 கிலோவுக்கே காசு தருகிறார்கள், 4,500. “அஞ்சு கிலோதானே, போகட்டும்” என்று வந்துவிடுகிறோம்.

இப்போது கேளுங்கள்: எதில் பத்து வீதம்? மொத்த வரவில். ஆனால் அந்த 5,000 முழுவதும் நம் காசா? விதை, பசளை, எண்ணெய், மோட்டருக்கு மண்ணெண்ணெய், ஓட்டோக் கூலி எல்லாம் சேர்ந்து 3,800 செலவு என்று வைப்போம். நம் உழைப்புக்கு மிஞ்ச வேண்டியது 1,200. கழிவு போனபின் மிஞ்சுவது 700. 1,200 இல் 500 போய்விட்டது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்! சந்தையில் சொன்னது பத்து வீதம். நம் உழைப்பிலிருந்து போனது நாற்பது வீதத்துக்கு மேல். செலவு எதுவும் குறையவில்லை, கழிவு முழுவதும் நம் கூலியின் தலையில்தான் விழுந்தது.

நெல்லுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் இங்கே நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2025 இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று விலை அறிவித்தபோது ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது என்றது. நம் நெல் 18 வீதம் ஈரம் என்று வைப்போம். நாலு வீதம்தானே கூட, நூறு கிலோவுக்கு நாலு கிலோ கழித்தால் போதும் என்று நினைப்போம். சரியாகப் பார்த்தால் அந்த நூறு கிலோவில் காய்ந்த பொருள் 82 கிலோ. அதை 14 வீத ஈரத்துக்குக் காயவைத்தால் 95 கிலோவும் ஏறக்குறைய 350 கிராமும் நிற்கும். ஆகவே நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல் கழிப்பது நியாயம். எட்டுக் கிலோ கழித்தால் அது நியாயமில்லை. மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம், நூறு கிலோவில் 400 ரூபா. ஈரமானியை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். களத்தில் இன்னும் ஒரு வெயில் காயவிடுவதா, இன்றே விற்பதா என்பதையும் இந்தக் கணக்குத்தான் சொல்லும்.

கொழுந்துத் தராசு

தோட்டத்தில் உள்ள நம் தங்கச்சிமாருக்கு ஒரு கணக்கு. கொழுந்து நிறுக்கும்போது பைக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் கிலோ கழிப்பார்கள். வீதமாகக் கழிக்காமல், ஒரு தரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்தால் என்ன ஆகும்? 20 கிலோ எடுத்தவருக்கு இரண்டு கிலோ பத்து வீதம். 10 கிலோ எடுத்தவருக்கு அதே இரண்டு கிலோ 20 வீதம். கொழுந்து குறைந்த காலத்தில் மூன்று தரம் ஆறு ஆறு கிலோவாக நிறுத்தால், 18 கிலோவில் ஆறு கிலோ போய்விடும். மூன்றில் ஒரு பங்கு! ஒரே தொகையாகக் கழிப்பது எல்லாருக்கும் சமம் போலத் தோன்றும். ஆனால் குறைவாக எடுத்த கையைத்தான் அது அதிகம் வெட்டும். வயதான அம்மா, பிள்ளைத்தாய்ச்சிப் பெண், இவர்களின் பைதான் இளைக்கும்.

கழிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். வெறும் பையை நிறுத்துக் காட்டி, அந்த நிறையைக் கழிப்பது நியாயம். தண்ணீருக்கு எத்தனை வீதம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நியாயம். இதைத் தனி ஆளாகத் தராசடியில் நின்று கேட்டால் சண்டையாகும். கணக்கை எழுதி, தலைவர் மூலம் சேர்ந்து கேட்டால் பேச்சாகும். ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நிறுவையும் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று எழுதி வையுங்கள். எழுத்தில் இருக்கிற கணக்குக்கு யாரும் பதில் சொல்ல வேண்டும்.

கேட்கப் பழகுவோம்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் துண்டு என்று ஒரு முறை இருந்தது. ஆளின் கடன் இவ்வளவு என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியிருப்பார்கள். அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகலாம். துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் வாசிக்க முடியாது. எப்படி வந்த கணக்கு என்று கேட்கவும் முடியாது. 1921 இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கேட்கிற வழக்கம்தான் இன்னும் நமக்கு முழுதாக வரவில்லை. “கேட்டா என்ன நெனப்பாங்களோ” என்று கூச்சப்படுகிறோம்.

ஆகவே, வீட்டுக்குப் போகும்போது நாலு கேள்வியைக் கொண்டு போங்கள்.

ஒன்று: எதில் இத்தனை வீதம்?
இரண்டு: கழித்த பின் நான் கொடுப்பது, அல்லது எனக்கு வருவது, எத்தனை ரூபா?
மூன்று: 100 கிராமுக்கு, ஒரு கிலோவுக்கு எவ்வளவு?
நாலு: பில் எங்கே?

நாலாவதை மறக்க வேண்டாம். பில் கையில் இருந்தால்தான் முறைப்பாடு வலுவாக நிற்கும். பைக்கற்றில் அச்சடித்த ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது. வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற சபை அது. தொலைபேசி இலக்கம் 1977. நம்மவர்களுக்கு இந்த இலக்கத்தைப் பாடமாக்கத் தேவையில்லை. எந்த வருடம் கையில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக இங்கே வந்து இறங்கினோம் என்று நினைத்தாலே போதும்.

அன்றைக்கு மூட்டையில் என்ன இருந்தது, என்ன விட்டுவிட்டு வந்தோம் என்று கணக்குப் பார்க்க நேரம் இருக்கவில்லை. இன்றைக்கு நேரம் இருக்கிறது. நாளைக் காலையில் கடைக்கோ சந்தைக்கோ போகும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துப் போங்கள். மகளையோ பேரனையோ கூட அழைத்துப் போங்கள். அந்தப் பிள்ளையே வாய் திறந்து, “மாமா, இது எதில பத்து வீதம்?” என்று கேட்கட்டும்.